இரண்டு எண்கள்

மன்னன் வாயிலிருந்து வருவதெல்லாம் ஆணை என்றிருந்த காலம் ஒன்று உண்டு. குடிகள் கேட்க உரிமையற்றவர். கோமகன் விளக்கம் தரக் கடமையற்றவன். ஏரி வற்றி ஊர் காய்ந்தாலும், கொள்ளைநோய் புகுந்து குடும்பங்களை அள்ளிச் சென்றாலும், "ஏன்?" என்ற கேள்வி அரண்மனை வாயிலைத் தாண்டி உள்ளே நுழைந்ததில்லை. துணிந்து கேட்டவனுக்கும் கிடைத்த விடை, "விதி!" என்பதுதான்.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. மக்களாட்சி மலர்ந்தது. ஆள்வோர் ஆளப்படுவோர்க்குக் கணக்குக் காட்டவேண்டும் என்ற முறை பிறந்தது. அந்தக் கணக்குக்குத்தான் அறிக்கை என்று பெயர். குடிநீரில் என்ன கலந்திருக்கிறது, பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் படிக்கின்றனர், மருத்துவமனையில் எத்தனை பேர் மாண்டனர் — ஆண்டுதோறும் அரசு அச்சடித்து, அட்டை போட்டு, அவையின் முன் வைக்கிறது. அதை வெறுங்காகிதம் என்று கருதுவோர் உண்டு. கறையான் தின்னப் பிறந்த கட்டு என்று கேலி பேசுவோரும் உண்டு. உண்மையில் அது சாட்சியம். அரசு, தானே கூண்டிலேறி, மக்களாகிய நீதிபதி முன் நின்று அளிக்கும் வாக்குமூலம்.

சாட்சி பொய் சொன்னால் தண்டிக்கச் சட்டம் உண்டு. ஆனால், சாட்சி சொன்ன ஒவ்வொரு சொல்லும் மெய். சொல்லாமல் விட்டதனால் மட்டும் முழுக்கதையும் பொய் — அப்படியானால்? ஏட்டில் உள்ள எண்கள் எல்லாம் சரி. ஏட்டிலிருந்து எடுக்கப்பட்ட எண்களில்தான் உண்மை உறங்குகிறது — அப்படியானால்? அந்த அறிக்கையை வாய்மை என்பதா, வஞ்சனை என்பதா? எழுதியவனைக் குற்றவாளி என்பதா, விதிமுறை வழுவாத உத்தியோகஸ்தன் என்பதா?

கற்பனைக் கேள்வியன்று இது, தோழர்களே! இரண்டே இரண்டு எண்கள் ஓர் அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டன. அந்த நகரின் பெயர் பிளின்ட். நாடு அமெரிக்கா. மாநிலம் மிச்சிகன்.

செல்வம் கொழிக்கும் நாடு, விஞ்ஞானம் கொடிகட்டிப் பறக்கும் நாடு, வானத்து நிலவில் மனிதனை நடமாடவிட்ட நாடு. அந்த நாட்டில் மோட்டார்த் தொழிலால் ஓங்கி வளர்ந்த நகரம் பிளின்ட். 1960ஆம் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வாழ்ந்தனர். பின்னர் ஆலைகள் மூடப்பட்டன, வேலை போயிற்று, வசதியுள்ளோர் வெளியேறினர். 2014ஆம் ஆண்டில் எஞ்சியிருந்தோர் சுமார் ஒரு லட்சம் பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். பத்துப் பேரில் நால்வர் வறுமைக்கோட்டின் கீழ் வாடியவர்கள்.

நகராட்சியின் கருவூலம் காலியாயிற்று. மாநில அரசு, நெருக்கடிகால மேலாளர் என்றொருவரை நியமித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் மன்றத்தினரும் பெயருக்கு இருக்க, அதிகாரம் அனைத்தும் அவர் கையில் குவிந்தது. இப்படிப்பட்ட மேலாளர்களுக்கு வரம்பற்ற அதிகாரம் தந்த சட்டத்தை 2012 நவம்பரில் மிச்சிகன் மக்கள் பொதுவாக்கெடுப்பில் வீழ்த்தினர். அடுத்த மாதமே மாநிலச் சட்டமன்றம், வாக்கெடுப்பால் வீழ்த்த முடியாத வகையில் வேறொரு சட்டத்தை இயற்றிக்கொண்டது. வாசல் வழியே விரட்டியதைச் சாளரம் வழியே அழைத்துவந்த சாமர்த்தியம்!

சிக்கனம் கருதி ஒரு முடிவெடுக்கப்பட்டது. டெட்ராய்ட் நகர நிலையத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஹியூரான் ஏரி நீரை நிறுத்திவிட்டு, ஊர் நடுவே ஓடும் பிளின்ட் ஆற்று நீரைக் குழாய்களில் விடுவது என்பதே அம்முடிவு. 2014 ஏப்ரல் 25ஆம் நாள் அது நிறைவேறிற்று. ஆற்று நீர் உலோகத்தை அரிக்கும் தன்மை மிகுந்தது. பழைய ஈயக் குழாய்களின் உட்புறத்தை அது அரித்துவிடாதிருக்கப் பாஸ்பேட் போன்ற அரிப்புத் தடுப்புப் பொருளைக் கலக்கவேண்டும். டெட்ராய்ட் நீரில் அது கலந்திருந்தது. பிளின்ட் நீரில் கலக்கப்படவில்லை. ஆறு ஆறு மாதமாக இருமுறை சோதித்துப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம் என்றது மாநிலச் சுற்றுச்சூழல் தரத்துறை. குழாயில் நஞ்சு கரைகிறதா என்று அறிய, குடிமக்களே சோதனைக் குடுவைகள் ஆயினர்!

நீர் நிறம் மாறிற்று, நாற்றமெடுத்தது. குளித்தவர் உடலில் தடிப்பு கண்டது. மக்கள் குழாய் நீரைப் புட்டிகளில் பிடித்துக்கொண்டு மன்றம் ஏறினர். "அச்சம் வேண்டாம்" என்பதே பதில். ஆனால் 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், அந்த நீர் தன் ஆலையிலுள்ள இயந்திரப் பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்கிறது என்று கூறி, அதைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. அதற்கு ஏரி நீர் பெற வழி கிடைத்தது. 2015 ஜனவரியில், பிளின்ட் நகரில் இருந்த மாநில அரசின் அலுவலகக் கட்டடத்தில், ஊழியர்களுக்கென வெளியிலிருந்து குடிநீர் வரவழைத்து வைக்கப்பட்டது. இரும்புக்கு ஆகாத நீர், ஏழையின் இளங்குழவிக்கு ஆகுமாம்! அலுவலர் அருந்தத் தயங்கும் நீர், அடுத்த தெருவில் உள்ளவர்க்கு அமுதமாம்!

இனி, அறிக்கைக்கு வருவோம்.

குடிநீரில் ஈயம் பற்றி அந்நாட்டில் ஒரு விதி உண்டு. குறிப்பிட்ட வீடுகளில் நீரெடுத்துச் சோதிக்கவேண்டும். நூறு கோடிப் பங்கு நீரில் 15 பங்கு ஈயம் என்பது எல்லை. சோதித்த வீடுகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை அந்த எல்லையைத் தாண்டினால், அரசு உடனே நடவடிக்கை எடுக்கவேண்டும். ஊராருக்கு உண்மையை அறிவிக்கவேண்டும். 2015ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் பிளின்ட் நகரில் 71 வீட்டு நீர் சோதிக்கப்பட்டது. அத்தனையும் கணக்கில் இருந்திருந்தால் எல்லை தாண்டப்பட்டிருக்கும். மாநிலத் துறையினர் அவற்றில் இரண்டை நீக்கச் செய்தனர். ஒன்று 104 காட்டிய நீர். மற்றொன்று 20 காட்டிய நீர். எஞ்சிய 69ஐக் கொண்டு கணக்கிட்டதில் கிடைத்த விடை 11. எல்லைக்குள் அடங்கிவிட்டது! அறிக்கை அழகாக முடிந்தது.

நீக்கியதற்குக் காரணம் இல்லாமலில்லை. 104 காட்டிய வீட்டில் நீர் வடிகட்டி பொருத்தப்பட்டிருந்ததாம். விதிப்படி அந்த வீடு சேராதாம். 20 காட்டிய கட்டடம் தனிக்குடும்ப வீடு அல்லவாம்; அதுவும் விதிப்படி சேராதாம். விதி, விதி, விதி! பழைய காலத்து விதி தலையில் எழுதப்பட்டது என்றனர். புதிய காலத்து விதி தாளில் எழுதப்படுகிறது. இரண்டும் கேட்பவனின் வாயை அடைக்கப் பயன்படுமானால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

சற்றே சிந்தியுங்கள். வடிகட்டி எதற்கு? நஞ்சைக் குறைப்பதற்கு. வடிகட்டி இருந்தும் 104 என்றால், அந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்த நீர் எத்தகையது என்று பதைத்திருக்க வேண்டாமா? எந்தக் காரணம் கண்டு கலங்கியிருக்க வேண்டுமோ, அந்தக் காரணத்தையே காட்டிக் கணக்கிலிருந்து தள்ளினர். அந்த வீடு நான்கு பிள்ளைகளின் தாயான லீஆன் வால்ட்டர்ஸ் என்பவருடையது. அவருடைய பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் கலந்திருந்தது. அந்தத் தாய்க்கு அது 104 என்ற எண்ணன்று. மடியில் கிடக்கும் மகன். அறிக்கைக்கோ, அடித்துவிட வேண்டிய ஒரு வரி.

நீரெடுக்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருந்தது. முந்தைய இரவே குழாயைச் சிறிது நேரம் திறந்துவிட்டு, பிறகு காலையில் பிடிக்குமாறு குடிமக்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. குழாயில் தேங்கிய ஈயம் அடித்துக்கொண்டு போய்விடும் அல்லவா! மேலும், அரிப்புத் தடுப்பு ஏற்பாடு இருக்கிறது என்று 2015 பிப்ரவரியில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமைக்கு மாநிலத்தார் பதில் எழுதினர். ஏப்ரலில், இல்லை என்று ஒப்புக்கொண்டனர். அந்த முகமையைச் சேர்ந்த மிகேல் டெல் டோரல் என்ற அதிகாரி, ஜூன் மாதத்திலேயே ஆபத்தை விளக்கிக் குறிப்பெழுதினார். அவர் எழுதியதை ஆராய்வதற்கு மாறாக, அவரையே கட்டுக்கடங்காத ஊழியர் என்று இகழ்ந்தது மாநிலத் தரப்பு. மாநில நலத்துறையின் சொந்தக் கணக்கிலேயே 2014 கோடையில் பிள்ளைகளின் இரத்த ஈயம் உயர்ந்தது தெரிந்தது. அது பருவகால ஏற்றம் என்று ஒதுக்கப்பட்டது.

ஈயம் என்றால் என்ன, தோழர்களே? இளம் மூளையைத் தாக்கும் நஞ்சு. இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அதற்கு இல்லை என்பது மருத்துவ அறிஞர் கண்ட முடிவு. கவனம் சிதையும், கற்கும் ஆற்றல் குன்றும், நடத்தை மாறும். பாதிப்பு பின்னர் நீங்கிவிடும் என்ற உறுதியும் இல்லை. ஆக, நீர்வளத் துறையின் ஏட்டில் மறைக்கப்படும் எண் மறைந்துபோவதில்லை. சில ஆண்டுகள் கழித்து அது கல்வித் துறையின் ஏட்டில் வேறு வேடத்தில் தலைகாட்டும் — "இவ்வூர்ப் பிள்ளைகள் மந்தமானவர்கள், தேர்ச்சி குறைந்தவர்கள்" என்று! முதல் ஏட்டில் அரசின் குற்றமாயிருந்தது, இரண்டாவது ஏட்டில் பிள்ளையின் குறையாக மாறும். கறுப்பினத்தார்க்கும் ஏழைகட்கும் இயல்பிலேயே அறிவு குறைவு என்று கதைப்பதற்கு எங்கெங்கோ காத்திருப்பவர்களுக்கு அதுவே ஆதாரமாகும். பிறவியின் மேல் பழிபோட்டு அநீதியைக் காப்பாற்றும் வழக்கம் நமக்கும் புதிதன்று. ஒரு பொய் எண், ஒரு தலைமுறையின் தலைமேல் ஏறி அமர்கிறது என்பதை உணர்ந்தால்தான், அறிக்கை எழுதுவது அறத்தோடு தொடர்புடைய செயல் என்பது விளங்கும்.

அந்த இருளை எது கிழித்தது? அற்புதம் அன்று, அவதாரமும் அன்று. எண்தான்! வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் குழுவினர் 300 சோதனைப் பெட்டிகளை அனுப்பினர். பிளின்ட் மக்களே வீடு வீடாகச் சென்று அவற்றைக் கொடுத்து, நீர் பிடித்து, திரும்ப அனுப்பினர். 250க்கு மேற்பட்டவை வந்து சேர்ந்தன. அவை சொன்ன கதை, அரசின் அறிக்கை சொன்ன கதைக்கு நேர்மாறானது. 2015 செப்டம்பர் 24ஆம் நாள், அவ்வூர் ஹர்லி மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, பிள்ளைகளின் இரத்தச் சோதனைக் கணக்கைப் பொதுமக்கள் முன் வைத்தார். அவரும் தோழர்களும் பின்னர் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் இரத்த ஈயம் மிகுந்திருந்தோர் நூற்றுக்கு 2.4 ஆக இருந்து, நீர் மாறிய பின் 4.9 ஆயினர். முதலில் மாநிலத்தார் மறுத்தனர். அவர் கணக்கைப் பிழை என்றனர். சில நாளில், தங்கள் கணக்கும் அதையே காட்டுவதை ஒப்ப நேர்ந்தது. 2015 அக்டோபர் 16ஆம் நாள் பிளின்ட் மீண்டும் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பிற்று. அதற்குள், அந்த ஈராண்டுகளில் அவ்வட்டாரத்தில் பரவிய லீஜனேர்ஸ் என்னும் நுரையீரல் காய்ச்சலுக்குப் பன்னிரண்டு பேர் பலியாகியிருந்தனர்.

இங்கே இருவர் நம்மை வழிமறிக்கின்றனர்.

முதலாமவர் கூறுகிறார்: "எல்லோரும் எல்லாவற்றையும் சோதிக்க முடியுமா? குழாயைத் திறக்குமுன் குடுவையும் ரசாயனமும் எடுத்துக்கொண்டா நிற்பது? துறை இருக்கிறது, நிபுணர் இருக்கின்றனர், நம்பத்தான் வேண்டும். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் ஆட்சி நடக்குமா?"

நம்பவேண்டும், மறுப்பில்லை. நம்பிக்கையில் இருவகை உண்டு. ஒன்று, "கேள், காட்டுகிறேன்" என்பவனிடம் வைக்கும் நம்பிக்கை. மற்றொன்று, "கேளாதே, நம்பு" என்பவனிடம் வைக்கும் நம்பிக்கை. முன்னது அறிவின் பாற்பட்டது. பின்னது அடிமைத்தனத்தின் பாற்பட்டது. நெசவாளி தந்த சேலையை விரித்துப் பார்த்து வாங்குகிறோம். அதனால் நெசவாளியை அவமதித்தோம் என்று எவரும் சொல்வதில்லை. அறிக்கையையும் விரித்துப் பார்க்க உரிமை வேண்டும். எத்தனை வீடு, எந்த வீடு, எதை ஏன் நீக்கினீர் என்று கேட்கையில் முகம் சுளிக்கும் நிபுணன், அந்தக் கணத்தில் நிபுணன் பதவியை விட்டுப் பூசாரி பதவியை ஏற்றுக்கொள்கிறான். பழைய ஏடுகளை ஆராயாமல் ஏற்கமாட்டோம் என்று முழங்கும் நாம், புதிய ஏடுகளில் அரசு முத்திரை இருக்கிறது என்பதற்காக மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமா?

இரண்டாமவர் இன்னும் ஆபத்தானவர். அவர் சிரித்துக்கொண்டே கூறுகிறார்: "எல்லா அறிக்கையும் பொய்தான், அப்பா! எண்களைக் கொண்டு எதையும் நிறுவலாம். படிப்பதே வீண்."

அறிவாளி போல் தோன்றும் இவர், அறியாமலே அநீதியின் கையாள் ஆகிறார். எல்லாம் பொய் என்றால், எந்தப் பொய்யையும் பொய் என்று நிறுவ முடியாதே! பிளின்ட் மக்களைக் காத்தது எண் வெறுப்பன்று. இன்னும் நேர்மையான எண். அது மட்டுமா? மிச்சிகன் ஆளுநர் ரிக் ஸ்னைடர் — அங்கே ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆட்சி நடத்துபவர் — அவரே ஐவர் கொண்ட குழுவொன்றை நியமித்தார். 2016 மார்ச்சில் அக்குழு தந்த அறிக்கை, நியமித்தவர் முகம் நோக்கி எழுதப்படவில்லை. முதன்மைப் பொறுப்பு மாநிலச் சுற்றுச்சூழல் தரத்துறையினுடையது என்று சுட்டியது. நெருக்கடிகால மேலாளர் முறையையும் சாடியது. இது சுற்றுச்சூழல் அநீதி என்று பெயரிட்டே கூறியது. 44 பரிந்துரைகளை வைத்தது. 2017 பிப்ரவரியில் அம்மாநிலத்தின் குடியுரிமை ஆணையம், தலைமுறை தலைமுறையாக வேரோடிய இனப் பாகுபாடு இத்துயரின் அடியில் கிடப்பதை எடுத்துக்காட்டியது. அவையும் அரசு அறிக்கைகளே! ஒரே மாநிலம், ஒரே முத்திரை. ஓர் ஏடு மறைத்தது, மற்றோர் ஏடு திறந்தது. வேறுபாடு தாளில் இல்லை. எழுதியோர் யாரை எண்ணி எழுதினர் என்பதில் இருக்கிறது.

அறிக்கை என்னும் கருவியின் ஆற்றலை அறிய, அதே நாட்டில் இன்னொரு மாநிலத்தின் பழங்கணக்கைப் புரட்டுவோம். மாசசூசெட்ஸ் மாநிலம் 1837ஆம் ஆண்டில் கல்வி வாரியம் அமைத்தது. ஹோரஸ் மான் என்பவர், மாநில மேலவைத் தலைவராக இருந்தவர், வழக்கறிஞர் தொழிலையும் விட்டுவிட்டு அதன் செயலாளரானார். அவருக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. பள்ளியை மூடவோ திறக்கவோ உரிமை இல்லை. செய்திகளைத் திரட்டலாம், ஆண்டுக்கொருமுறை அறிக்கை தரலாம் — அவ்வளவே! அந்த ஒற்றைக் கருவியை ஏந்தி மாநிலமெங்கும் சுற்றினார். காற்றும் வெளிச்சமும் புகாத பள்ளிக் கட்டடங்களைக் கண்டார், எழுதினார். பயிற்சியற்ற ஆசிரியர்களைக் கண்டார், எழுதினார். 1843இல் ஐரோப்பா சென்று, பிரஷ்யப் பள்ளிகளில் பிரம்பின்றிப் பாடம் நடப்பதைக் கண்டார், அதையும் எழுதினார். பாஸ்டன் நகரத்து ஆசிரியர் 31 பேர் சீறி எழுந்து மறுப்பு நூல் வெளியிட்டனர். அவர் பின்வாங்கவில்லை. பன்னிரண்டு ஆண்டறிக்கைகள் எழுதி, 1848இல் விடைபெற்றார். 1852இல் அமெரிக்க மாநிலங்களிலேயே முதலாவதாக, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கிச் சட்டம் செய்தது மாசசூசெட்ஸ். ஆணையிட அதிகாரமற்ற மனிதன், அரசுக்குப் பிடிக்குமா என்று பாராமல் கண்டதைக் கண்டபடி எழுதினான். காலம் அவன் பக்கம் சாய்ந்தது.

ஆனால் உண்மையை எழுதிவிட்டால் மட்டும் அறம் நிறைவேறிவிடுமா? அதே மாநிலத்தில் 1850ஆம் ஆண்டில் லெமுவேல் ஷட்டக் என்பவர், மக்கள் நலம் பற்றிய அறிக்கையொன்றை அரசின் பணிப்பின்பேரில் ஆக்கித் தந்தார். பிறப்பு இறப்புக் கணக்கெடுப்பு, நகரத் தூய்மை, நலவாரியங்கள் என ஐம்பது பரிந்துரைகள். எண்கள் நேர்மையானவை, எழுத்து தெளிவானது. அரசு என்ன செய்தது? அடுக்கில் வைத்தது! ஷட்டக் 1859இல் மறைந்தார். அவர் கேட்ட மாநில நலவாரியம் பிறந்தது 1869இல். இடையே பத்தொன்பது ஆண்டுகள்! அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் தடுத்திருக்கக்கூடிய நோயால் மாண்ட மழலைகள், அறிக்கையின் எந்தப் பக்கத்தில் இடம்பெற்றனர்? பொய்யான அறிக்கை கொலைக்கருவி என்றால், மெய்யான அறிக்கையை உறங்கவிடுவது, கண்முன் மூழ்குபவனுக்குக் கை கொடாமல் கரையில் நிற்பதற்கு ஒப்பாகும்.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை காணலாம். சொன்னதெல்லாம் மெய்யாக இருந்தும், விட்டதனால் கேடு விளையுமானால், அது வாய்மையா? வாய்மைக்கு இலக்கணம் வகுக்கப் புகுந்த வள்ளுவர், உள்ளதை உள்ளபடி உரைப்பது என்பதோடு நிற்கவில்லை. பிறர்க்குக் கேடு விளைக்காமையை அதன் உரைகல்லாக வைத்தார். அந்த உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள். 69 எண்களும் மெய். 11 என்ற விடையும் கணக்குப்படி சரி. ஆயினும் அதனை நம்பி அன்று மாலை ஒரு தாய் தன் குழந்தைக்குப் பால் கரைத்தாளே, அந்தப் பால் கணத்தில் அந்த ஏடு பொய்யாகிவிட்டது! எழுதியோர் அரக்கர்கள் என்று நான் சொல்லவில்லை. அரக்கர் தேவையில்லை. படிவத்தை நிரப்பவேண்டும், மேலிடம் மகிழவேண்டும், செலவு குறையவேண்டும் என்று எண்ணுகிற சாதாரண மனிதர் சிலர் போதும். விதி, மக்களைக் காக்கப் பிறந்தது. விதியின் வாசகத்தைக் காட்டி மக்களைக் கைவிட்டவன், விதியை மீறியவனைவிட எவ்வகையில் மேலானவன்?

தண்டனை? அதையும் கேளுங்கள். 626 மில்லியன் டாலர், அதாவது அறுபத்திரண்டு கோடிக்கும் மேற்பட்ட டாலர் இழப்பீட்டு உடன்பாட்டை 2021 நவம்பரில் நீதிமன்றம் ஏற்றது. குற்ற வழக்குகளோ, தொடுத்த முறை சட்டப்படி செல்லாது என்று 2022இல் அம்மாநில உச்சநீதிமன்றம் கூறியதால் சரிந்தன. 2023இல் முடிவுக்கு வந்தன. நகரின் ஈயக் குழாய்களைத் தோண்டி மாற்றும் வேலையோ 2025 வரை நீண்டது. ஆள்வோர் செலவு மிச்சம் பிடித்ததன் விலை இது. டாலரில் கணக்கிட முடிந்த பகுதி மட்டும்!

பிளின்ட் நெடுந்தொலைவில் இருக்கிறது. ஆனால் அறிக்கை இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? நம் மாநிலத்திலும் துறைதோறும் கொள்கை விளக்கக் குறிப்புகள் சட்டமன்றத்தில் வைக்கப்படுகின்றன; கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் வருகின்றன. 2005ஆம் ஆண்டு முதல், கேட்டுப் பெறத் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது. கேட்பவர்தாம் தேவை. மேடையில் பேசும் தோழன், படிப்பகம் நடத்தும் தோழன், தன் ஊரைப் பற்றிய ஓர் அறிக்கையையாவது கையிலெடுத்து நான்கு கேள்விகளை அதன்முன் வைக்கவேண்டும். யார் அளந்தது? யாரை அளந்தது? எதை நீக்கியது, எக்காரணத்தால்? உண்மை தெரிந்தபின் என்ன செய்தது? இந்நான்குக்கும் நேர்மையான விடையிருந்தால் அந்த அறிக்கையைப் பாராட்டுவோம். எழுதிய அலுவலருக்குத் துணை நிற்போம். நேர்மையாக எழுதிய அலுவலன் தனித்து விடப்படுவதனால்தான் அடுத்தவன் எழுதத் தயங்குகிறான் என்பதையும் மறவாதிருப்போம்.

விடையில்லையா? குடுவையை எடுங்கள், வீடு வீடாகச் செல்லுங்கள், நீங்களே அளவெடுங்கள். பிளின்ட் நகரில் அதைச் செய்தவர்கள் பேரறிஞர் பட்டம் பெற்றவரல்லர். பிள்ளைகளுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் கேட்ட எளிய மக்கள். ஏட்டிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு எண்களை, மீண்டும் ஏட்டில் ஏற்றியவர்கள் அவர்களே.